60 வயதுக்கு மேல் இம்ப்ளாண்ட் தேவையா?

கேள்வி: “தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 61 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. தனியார் கிளினிக்கில் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பொருத்தி அதன்மேல் பல் வைப்பது, என்கிறார்கள். உறவினர்களோ, இந்த வயதில் எதற்கு, கழற்றி மாட்டும் பல் செட் போதும் என்கிறார்கள். இம்ப்ளாண்ட் உண்மையில் என்ன செய்கிறது?”

வயது தடையே இல்லை. 61 வயதில் தாடை எலும்பு நன்றாக இருந்தால் இம்ப்ளாண்ட் பிடிக்கும். 35 வயதில் ஈறு அழுகி, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தால் பிடிக்காமலும் போகும். நான் சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை, ஆனால் இந்தச் சிகிச்சையை நாற்காலியின் பக்கத்தில் நின்று பார்க்கிறவள். உங்கள் உறவினர்கள் கேட்ட கேள்வியை வாரந்தோறும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. நம் தோட்டத்து அம்மாக்கள் கடைவாய்ப் பல்லை வெளியே தெரியாத பல் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு பக்கமாகவே மெல்கிறார்கள். கடலை, கொய்யா, ஆட்டிறைச்சி எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து மறைகின்றன. காலப்போக்கில் பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கிச் சாய்கிறது, எதிரே உள்ள மேற்பல் கீழே இறங்குகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஈறுக்கு அடியில் நடக்கிறது. பல்லின் வேர் இருக்கும்வரை மெல்லும் விசை தாடை எலும்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வேலையால்தான் எலும்பு தன் கனத்தைக் காக்கிறது. பல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்து எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் அதன் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடுகிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஓரிரு வெள்ளியில் (ரிங்கிட்) பல்லை எடுத்துவிடலாம். வலி நின்றதும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். எடுத்த அன்றே “இந்த இடத்தில் பிறகு என்ன வைக்கலாம்?” என்று கேட்பவர் மிகக் குறைவு. உங்கள் அம்மாவுக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. யோசிக்கலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் யோசிக்க வேண்டாம்.

கழற்றி மாட்டும் செட் ஈறின்மேல் உட்காருகிறது. எலும்புக்கு வேலை தருவதில்லை. அடியில் எலும்பு இறங்க இறங்கச் செட் தளர்ந்துபோகும். பிரிட்ஜ் வைத்தால் இரு பக்கத்துப் பற்களையும் சீவி, அவற்றின் தோளில் நடுப்பல்லை ஏற்றுகிறார்கள். சொத்தையில்லாத நல்ல பல்லைச் சீவுவதை என் மனம் ஒப்புவதில்லை. இம்ப்ளாண்ட் மட்டுமே வேரின் இடத்துக்குப் போகிறது. அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிப்பும் 10 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டைட்டானியத் திருகு. அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் வாயில் தெரியும் கிரவுன் என்று மூன்று பகுதிகள்.

டைட்டானியம் எலும்போடு சேரும் என்பதைக் கண்டவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க். 1952-இல் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவிகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அவற்றை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு இறுகப் பற்றியிருந்தது. 1965-இல் கீழ்த்தாடையில் பல்லே இல்லாத ஒருவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் வேலை செய்தன. இன்று நல்ல முறையில் வைக்கப்படும் இம்ப்ளாண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கின்றன.

பொருத்தும் நாளைப் பற்றி அம்மா பயப்பட வேண்டியதில்லை. மரப்பு ஊசிதான் போடுவார்கள். பலர் பல் எடுத்ததைவிட வலி குறைவு என்கிறார்கள். எலும்பில் துளையிடும்போது நான் உப்பு நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பேன். எலும்பு 47 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும் என்பதால் அவ்வளவு கவனம். பிறகு காத்திருக்க வேண்டும்: கீழ்த்தாடைக்கு ஏறக்குறைய மூன்று மாதம், எலும்பு மிருதுவான மேல்தாடைக்கு ஆறு மாதம்வரை. ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் காரணத்தைச் சொல்லவே வேண்டாம். கட்டிய மொட்டு அசைந்தால் பிடிக்காது. திருகும் அப்படித்தான். அசைந்தால் அதைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த் திசு வளரும், பிறகு ஆடத் தொடங்கும்.

முன்கூட்டியே முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கீழ்க் கடைவாய்க்கு அடியில் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அதைத் தொட்டுவிட்டால் உதடு மரத்துப்போகலாம். எனவே சாதாரணமாக 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள்.

இனிப்பு நீர் பற்றி: இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவுதான் முக்கியம். எங்கள் மருத்துவர் அது 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். சுகாதாரக் கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்த அன்றைய சர்க்கரை முடிவு ஒன்றை மட்டும் கொண்டுவந்து “இன்றைக்கு ஆறுதான்” என்றால் போதாது. எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரை என்பதால் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தாடைப் புண் ஆறாமல் போகும் ஆபத்து அதில் உண்டு.

வெற்றிலை போடுகிறாரா? புகையிலை சேர்த்துப் போடுபவர் என்றால் அதை நிறுத்தாமல் இம்ப்ளாண்டுக்குக் காசு கட்டாதீர்கள். ஈறும் எலும்பும் கெடுகின்றன என்பதோடு, வாய்ப்புற்றுநோயின் பெரிய காரணமும் அதுவே. வாயில் வெள்ளையோ சிவப்போ ஒரு தடம், ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல்லைப் பற்றிப் பேசும் முன் அதைக் காட்டுங்கள். எங்கள் தோட்டத்துப் பாட்டிமார் விஷயத்தில் நான் மிகவும் கவலைப்படுவது இதைத்தான்.

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மை. அதனால் அக்கறை வேண்டாம் என்று நினைப்பது தவறு. இயற்கைப் பல்லைச் சுற்றி இருக்கும் மெல்லிய நார்ப்படலம் திருகுக்குக் கிடையாது. கிருமி ஈறைத் தாண்டினால் வேகமாக எலும்புக்குள் இறங்கும். பெரும்பாலும் வலியும் தெரியாது. துலக்கும்போது இரத்தம் வந்தாலே காட்ட வேண்டும். இடைவெளிக்கான சிறு தூரிகையை அம்மா தினமும் பயன்படுத்துவாரா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை யார் கூட்டிப் போவது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்று. கீழ்ப்பல் முழுவதையும் இழந்தவர்களுக்கு எல்லாப் பல்லுக்கும் திருகு வைக்கத் தேவையில்லை. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. நாக்கு அசைந்தாலே எழும்பும். முன்பக்கம் இரண்டே இம்ப்ளாண்ட் வைத்து, அவற்றின்மேல் பொத்தான்போல் செட்டைப் பூட்டலாம். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். உங்கள் பாட்டிக்கோ அத்தைக்கோ பயன்படும்.

செலவு கசப்பான செய்தி. தனியாரில் ஒரு பல்லுக்கு 5,000 வெள்ளிக்கு மேல் சொல்வது சாதாரணம். கிரவுன், ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு ஒட்டு எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பீடத்திலும் விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

பணம் இப்போது இல்லை என்றால் அரசாங்கக் கிளினிக்கில் செட் செய்துகொள்வதில் எந்தக் குறையும் இல்லை. சும்மா விட்டுவைப்பதைவிட அது எவ்வளவோ மேல். பக்கத்துப் பற்கள் சாய்வதையும் ஓரளவு தடுக்கும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். தளர்ந்தால் பசை போட்டுச் சமாளிக்காமல் கிளினிக்கில் அடிப்பாகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.