பையனுக்கு கேம், அப்பாவுக்குப் பாட்டு, மனைவிக்குத் தையல் டிசைன்: ஒரே கம்ப்யூட்டரில் வைரஸ் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வீட்டில் எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறோம், வைரஸ் வராமலிருக்க என்ன வழி என்று கேட்டுவிட்டு, "பையனிடம் கொடுக்காமல் இருந்தாலே போதுமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். போதாது. எங்கள் வீட்டில் வைரஸ் வந்தது பையனால் இல்லை.

நான் வீட்டிலேயே எம்பிராய்டரி மிஷின் வைத்து பிளவுஸுக்கு டிசைன் போடுகிறேன். மாமனார் பழைய நாதஸ்வரக் கச்சேரிகளை கேசட்டிலிருந்து ஏற்றிச் சேர்ப்பவர். பையனுக்கு மைன்கிராஃப்ட் கேம். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்.

சர்வீஸுக்கு வந்தவர், நான் மிஷினில் வேலையாக இருந்தபோது, கேட்காமலே டிசைன் சாஃப்ட்வேரின் கிராக் வெர்ஷனை, அதாவது காசு கொடுக்காமல் ஓட்டும் திருட்டுப் பிரதியைப் போட்டார். "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணாத்தான் ஏறும் அக்கா" என்று பிறகு சொன்னார். விண்டோஸ் அப்டேட் போல ஒரு திரை ஓடியது. அது அப்டேட் இல்லை. முடிந்தபோது எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் நாலு எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு குறிப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. ஸ்டாப் டிஜேவியூ என்ற ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பெரும்பாலும் கிராக், கீஜென் (திருட்டு லைசென்ஸ் கீ உருவாக்கும் புரோகிராம்) வழியாகத்தான் பரவுகிறது.

உறவினர் ஒருவர் அன்று வந்திருந்தார். விஷயம் என்னவென்று கேட்கும் முன்பே பையனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது வேகமாக வேலை முடிக்க, ஃபைலின் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டும். அதனால் பிரதி எடுத்து, வாலை நீக்கிப் பெயரைப் பழையபடி மாற்றியதும் மாமனாரின் எம்பி3கள் பல பாடின. ஆலாபனையின் முதல் சில நொடிகள் மட்டும் இல்லை. என் டிசைன்களுக்கு அந்த வழி கிடையாது. எம்பிராய்டரி மிஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைலில் ஒரு தையலுக்கு 3 பைட். 20,000 தையல் உள்ள மயில் வெறும் 60 கேபிதான், முழுசாகப் பூட்டிக்கொண்டது. ஆனாலும் ஒரு டிசைன்கூடப் போகவில்லை. எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, கேபிளைக் கழற்றி பீரோவில் வைப்பது என் வழக்கம். மாட்டியே விட்டிருந்தால் அதையும் பூட்டியிருக்கும்.

ஃபார்மட் செய்தபின் ஆளுக்கொரு யூசர் அக்கவுன்ட், எல்லாம் ஸ்டாண்டர்டு, அதாவது கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றும் அதிகாரம் இல்லாதவை. அட்மின் பாஸ்வேர்டு என்னிடம். ஸ்டாண்டர்டு அக்கவுன்டிலும் ரேன்சம்வேர் ஓடுமே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள், தெரியும். ஓடினாலும் பெரும்பாலும் அந்த ஒருவர் ஃபைலோடு போகும், அவரவர் யூசர் ஃபோல்டரில் வைத்திருந்தால் மற்றவர்களுடையது தப்பும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸுக்கு மாறச் சொல்பவர்களுக்கு: என் மாமனாருக்கு 74 வயது, அவருக்குப் பழகியது விண்டோஸ். ஆனால் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதற்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. கிராக்குக்குப் பதில், இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் சேர்க்கும் இங்க் ஸ்டிட்ச் என்ற எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறேன், இலவசம்.

கேமில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெயர்பெற்ற தளத்திலேயே மைன்கிராஃப்ட் மோடுகளுக்குள் (கேமில் கூடுதலாகச் சேர்க்கும் ஃபைல்கள்) ஃப்ராக்சரைசர் என்ற வைரஸ் புகுந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகு பையன் புது மோட் எதையும் என்னிடம் சொல்லாமல் போடுவதில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிசைனை வரைந்து, தையல் வரிசை சரி பார்த்து, துணி சுருங்காமல் ஓட்டிப் பார்ப்பதற்குள் ராத்திரி போய்விடும். "மிஷின்தானே போடுது" என்று கூலியில் பாதியைக் குறைக்கிறார்கள். அப்புறம் அவர்களே, "அந்த மயில இந்த பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க அக்கா" என்று நீட்டுகிறார்கள். வெளியார் பென்டிரைவ் எங்கள் கம்ப்யூட்டரில் ஏறாது. டிசைனும் கொடுப்பதில்லை.