எபியூசியோஸ்: வேண்டிய ஆகாரமா, நாளைய அப்பமா? (கேள்வி பதில்)

கேள்வி: கர்த்தருடைய ஜெபத்தில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்கிறோம். கிரேக்கத்தில் 'வேண்டிய' என்ற சொல்லே இல்லை என்று சபையில் ஒரு அண்ணன் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. அங்கே இருப்பது எபியூசியோஸ் என்ற கிரேக்கச் சொல். 'வேண்டிய' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம், அடித்துச் சொல்லத்தான் முடியாது. மத்தேயு 6:11, லூக்கா 11:3, அப்புறம் இதே ஜெபத்தை எடுத்தெழுதும் திதாக்கே என்ற பழைய சபை நூல், இவற்றை விட்டால் அந்தக் காலக் கிரேக்கத்தில் வேறெங்கும் இந்தச் சொல் உறுதியாகக் கிடைக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகனே கையை விரித்துவிட்டார்: படித்தவர்களும் எழுதுவதில்லை, சாதாரண ஜனங்களும் பேசுவதில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் போலிருக்கிறது என்றார். கிரேக்க மொழியிலேயே வளர்ந்த மனிதர் அவர்!

கேள்வி: எகிப்தில் ஒரு கணக்குச் சீட்டில் இந்தச் சொல் கிடைத்ததாகப் படித்தேனே ஐயா?

நானும் பல வருஷம் அதை நம்பி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹவாராவில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்), வீட்டுச் செலவுக் கணக்கு. 1889இல் அதைப் பதிப்பித்த செய்ஸ், ஒரு வரியில் 'எபியூசி...' என்று படித்தார். அன்றாடப் படி என்று அர்த்தம் சொல்லிப் பலரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சீட்டே காணாமல் போய், 1998இல் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. திரும்பப் படித்துப் பார்த்தால் அந்த இடத்தில் இருந்தது 'எலாயு', அதாவது எண்ணெய். அவ்வளவுதான் கதை.

கேள்வி: அப்படியானால் எதை வைத்து அர்த்தம் சொல்கிறார்கள்?

சொல்லைப் பிரித்துத்தான். 'எபி'யோடு 'ஊசியா' சேர்ந்தது என்றால், ஊசியா என்பது இருப்பு, உயிர் தரித்திருப்பது. அப்போது 'பிழைத்திருக்கத் தேவையான' அப்பம். 'எபியேனாய்' (அடுத்து வருதல்) என்ற வினையிலிருந்து வந்தது என்றால் 'வருகிற நாளுக்கான' அப்பம். இரண்டாவதற்கு நல்ல துணை இருக்கிறது: அப்போஸ்தலர் 16:11இல் பவுல் துரோவாவிலிருந்து கப்பலேறி 'மறுநாளிலே' நெயாப்போலிக்குப் போகிறாரே, அந்த 'மறுநாள்' கிரேக்கத்தில் எபியூசா. எபிரெயர் சுவிசேஷம் என்ற நூலில் இந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்றிருந்ததாக, வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் குறித்திருக்கிறார். அதே ஜெரோம் தன் லத்தீனில் லூக்காவுக்கு 'அன்றாட' என்றும் மத்தேயுவுக்கு 'பொருளுக்கு மேலான' என்றும் போட்டார். ஒரே சொல், ஒரே ஆள்! நற்கருணையோடு இதைச் சேர்த்துப் படிப்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்தப் 'பொருளுக்கு மேலான' என்பதைத்தான்.

கேள்வி: நாளைய அப்பம் என்றால், 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று அதே அதிகாரத்தில் வருவது இடிக்கவில்லையா?

இடிக்கிறது, அதை மழுப்பக் கூடாது. ஆனால் கூலிக்காரன் வீட்டிலிருந்து யோசியுங்கள். மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்து ஆட்களுக்குச் சாயங்காலத்தில்தான் கூலி. இன்று கையில் வரும் காசுதானே நாளைக் காலை அடுப்பு? கேட்டுவிட்டால் கவலை குறையும் என்று சிலர் சொல்வதை நான் தள்ளமாட்டேன்.

கேள்வி: உங்கள் முடிவு?

'தேவையான' பக்கம்தான் சாய்கிறேன். சீரியக் கிறிஸ்தவர்களின் வேதமான பெஷித்தாவிலும் 'எங்கள் தேவைக்குரிய அப்பம்' என்றே இருக்கிறது, நம்முடைய 'வேண்டிய'வுக்குப் பக்கத்து வீடு. நீதிமொழிகள் 30:8ஐயும் பாருங்கள்: 'என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.' படி அளப்பது என்றால் என்னவென்று தமிழனுக்கு விளக்க வேண்டுமா? வனாந்தரத்தில் இஸ்ரவேலர் சாப்பிட்ட மன்னாவும் அப்படித்தானே, ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, மிச்சம் வைத்தால் புழு.

கேள்வி: லூக்காவில் மட்டும் ஏன் 'அன்றன்று'?

அது எபியூசியோஸ் இல்லை, தனிச் சொற்றொடர். மத்தேயுவில் 'இன்று' இருக்கும் இடத்தில் லூக்காவில் 'நாள்தோறும்'. வினையும் மாறுகிறது: மத்தேயுவில் ஒருமுறை 'தாரும்', லூக்காவில் 'தந்துகொண்டே இரும்'. தமிழில் இரண்டுமே 'தாரும்' ஆகிவிட்டது.

கேள்வி: அப்போ ஜெபத்தை மாற்றிச் சொல்லணுமா?

வேண்டாம்.