ஏழு குழல் துப்பாக்கி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அரையாண்டு விடுமுறையில் மகனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ஆயுதக் கூடத்தை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் ஏழு குழல் துப்பாக்கி ஒன்றின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஏன் அங்கே இல்லை?" என்றான். இவையெல்லாம் தோற்றுப்போன ஆயுதங்கள்தானே? அருங்காட்சியகங்கள் எதற்காக இவற்றைக் கட்டிக் காக்க வேண்டும்?

எஸ்., வில்லிவாக்கம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் காட்டியது நாக் துப்பாக்கி. 1779இல் ஜேம்ஸ் வில்சன் வடிவமைத்தது; பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்து கொடுத்தவர் ஹென்றி நாக். நடுவில் ஒரு குழல், சுற்றிலும் ஆறு. விசையை இழுத்தால் ஏழும் ஒன்றாக வெடிக்கும். சுட்டவனின் தோளையே அது பதம் பார்த்தது. கப்பலின் பாய் தீப்பற்றிக்கொள்ளும் என்ற அச்சம் வேறு. தோற்றது உண்மைதான்.

ஆனால் எதற்கு விடை தேடித் தோற்றது என்று பாருங்கள். அந்நாளைய துப்பாக்கிக்கு ஒரே வெடிதான். மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கத் தேர்ந்த சிப்பாய்க்கே 20 விநாடி பிடிக்கும். அதுவரை அவன் நிராயுதபாணி. விசித்திரத் துப்பாக்கிகளில் பல அந்த 20 விநாடி பயத்தில் பிறந்தவை என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் படைக்கலக் கொட்டிலில் இருந்த சில கேடயங்களின் நடுவே துப்பாக்கி பொருத்தியிருந்தார்கள். குறி பார்க்கச் சிறு கம்பிவலைச் சாளரமும் உண்டு. நம் நாட்டுக் கொல்லர்கள் கட்டாரியின் இருபுறமும் கைத்துப்பாக்கிகளைப் பிணைத்தார்கள். கட்டாரியின் பிடி இரண்டு குறுக்குக் கம்பிகள் அல்லவா? சிலவற்றில் அந்தக் கம்பிகளைச் சேர்த்து இறுக்கினாலே வெடிக்கும். குண்டு தவறினாலும் கையில் கத்தி இருக்கிறது. அந்தப் பிடியைக் கற்பனை செய்யும்போதெல்லாம் செய்தவனின் கூர்மதி என்னை வியக்க வைக்கிறது.

1718இல் ஆங்கிலேயர் ஜேம்ஸ் பக்கிள் காப்புரிமை பெற்ற துப்பாக்கி இன்னும் ஒரு படி மேல். முக்காலியில் நிற்கும் ஒற்றைக் குழல்; பின்னால் பல குண்டுகளை நிரப்பிக் கையால் திருப்பும் உருளை. 1722இல் மழையிலேயே 7 நிமிடத்தில் 63 முறை சுட்டுக் காட்டினார்கள். ஆனாலும் வாங்க அதிகம் ஆளில்லை. அதே காப்புரிமையில் கிறித்தவர்களுக்கு உருண்டைக் குண்டு, துருக்கியருக்குச் சதுரக் குண்டு என்று எழுதியிருக்கிறது. படிக்கவே கூசுகிறது. அந்த வெறுப்பையும் அருங்காட்சியகம் மறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

எழும்பூருக்கு மறுபடி போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). பழைய திரித் துப்பாக்கியின் முன் மகனை நிறுத்தி, குழலின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். புளியங்கொட்டை கொள்ளும் அளவில் ஒரு கிண்ணி இருக்கும். அதன் ஓரத்தில் ஊசித்துளை. கிண்ணியில் இட்ட மருந்தில் எரியும் திரியால் பற்றிய நெருப்பு அந்தத் துளை வழியாக உள்ளே போய்த்தான் மருந்து வெடிக்க வேண்டும். மழைத்துளி ஒன்று விழுந்தால் போதும், எல்லாம் போயிற்று. அதைப் பார்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். எதிரே குதிரைப்படை வருகிறது என்று காதில் சொல்லிவிட்டு.