போர்க்காரர் கொடுத்த பில்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். தமிழ் வழியில் பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். அப்பா தக்காளி போடுகிறார். மூன்று போர்வெல் போட்டதில் இரண்டில் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான் வந்தது. சுற்றுச்சூழல் கொள்கையும் பொருளாதாரமும் மேலே படிக்க ஆசை. தேடினால் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரமாக வந்து கொட்டுகிறது. நம் பக்கம் எங்கே படிக்கலாம்? எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்? கணக்கு என்றால் பயம், ஆங்கிலமும் கொஞ்சம் தடுமாற்றம்.

க.

அன்புள்ள க.,

படிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட அந்தப் புகை வந்த வரியில்தான் நின்றுவிட்டேன். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர் போட்ட இரவு நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் தேங்காய் வைத்து ஒருவர் தண்ணீர் பாயிண்ட் பார்த்துச் சொன்ன இடத்தில் திருச்செங்கோட்டு போர் வண்டி நின்றது. விடியும்போது 740 அடி. மாமரத்து இலையெல்லாம் வெள்ளைத் தூள். பில்லைப் பார்த்தால் முதல் 300 அடிக்கு ஒரு ரேட்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் ஓர் அடி இறங்க ஆகும் கூடுதல் செலவு. உங்கள் பாடப்புத்தகத்தில் இறுதிநிலைச் செலவு என்று வளைகோடு போட்டிருப்பார்களே, அது இதுதான்.

மோட்டார் இறக்கிவிட்டால் அப்புறம் ஓட்ட விவசாய மின்சாரம் இலவசம். தண்ணீர் வரை போகத்தான் காசு, எடுக்கக் காசில்லை. அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றியது. அந்த நஷ்டம் என் பில்லில் எந்த வரியிலும் இல்லை. இதற்குத்தான் புறவிளைவு என்று பெயர். அதை விலைக்குள் கொண்டுவர வரி போடலாம் என்று 1920இல் பொருளாதார அறிஞர் பிகூ எழுதினார். முதலில் உரிமை யாருக்கு என்று தெளிவாக்குங்கள், பேசித் தீர்க்கும் செலவு குறைவாக இருந்தால் இருவரே தீர்த்துக்கொள்வார்கள் என்ற வாதத்தை 1960இல் இன்னொரு பொருளாதார அறிஞர் கோஸ் வைத்தார். இந்தத் துறையில் பாதி சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நம் பக்கத்தில் இன்னொரு வரியும் பில்லில் விடுபடுகிறது. பாறையோடு நெடுநாள் கிடந்த நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டிய ஊர்களில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்ததற்கு இந்தப் பல் கறையும் ஒரு காரணம். கறைக்கு எவ்வளவு விலை போடுவது? அதைக் கணக்கிடும் முறைகளுக்கே தனிப் பாடம் இருக்கிறது.

சரி, எங்கே படிப்பது. சென்னை கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்: சுற்றுச்சூழல் பொருளாதாரத்திலேயே முதுகலை இருக்கிறது. டெல்லியில் எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் பேர்போன டெரியின் கல்வி நிறுவனம். பிஎச்.டி. அளவில் அடையாறில் எம்.ஐ.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனம், பெங்களூரில் ஐசெக் என்ற சமூக, பொருளாதார ஆய்வு நிறுவனம், ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம். நம் ஊர்க்காரர்கள் படிப்பென்றால் சென்னையைத்தான் பார்ப்பார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் பெங்களூர் இரண்டு மணி நேரச் சொச்சம்தான். ஐசெக்கில் சூழலியல் பொருளாதாரத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அது இருக்கும் நாகரபாவிக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். நுழைவுத் தேர்வு விவரங்களை மட்டும் அந்தந்த ஆண்டு அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கணக்குப் பயத்துக்கு ஓர் ஆளைச் சொல்கிறேன், எலினோர் ஆஸ்ட்ராம். பள்ளியில் போதிய கணக்கு படிக்கவில்லை என்பதால் பொருளாதார ஆய்வுப் படிப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலுக்குப் போனார். 1965இல் முடித்த ஆய்வேடு எதைப் பற்றி என்கிறீர்கள்? நிலத்தடி நீர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஆளாளுக்கு இறைத்து, கடல்நீர் உள்ளே ஏற, இறைப்பவர்களே வழக்காடி, பேசி, அளவு வைத்துக்கொண்ட கதை. 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் அவர்தான். 1990இல் வந்த அவருடைய 'கவர்னிங் தி காமன்ஸ்' நூலில் அந்தக் கதை ஓர் அத்தியாயமாக வருகிறது. முதலில் அதை மட்டும் படியுங்கள். ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட வேண்டாம். பொருளாதாரப் பக்கம் போவதென்றால் வகைநுண்கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் நடக்காது. மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன, ஆறு மாதம் உட்காருங்கள். கொள்கைப் பக்கம் என்றால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆங்கிலம் வாசிக்க வாசிக்க வந்துவிடும், அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

அடுத்து ராபர்ட் வேட் எழுதிய 'வில்லேஜ் ரிபப்ளிக்ஸ்', 1988. ஆந்திராவில் கர்நூல் பக்கத்துக் கால்வாய் கிராமங்கள். கடைமடை ஊர்கள்தான் கூடி ஆள் வைத்துத் தண்ணீர் பாய்ச்சின, தலைமடைக்கு அந்த அவசியம் வரவில்லை. ஏரித் தண்ணீரைப் பங்கிட நீர்க்கட்டி என்று ஓர் ஆளை வைத்திருந்த நமக்கு இது அந்நியமாகவே இராது. நம் நாட்டுத் தோல் தொழிற்சாலைக் கதைக்கு 1996ஆம் ஆண்டு வேலூர் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படியுங்கள். பாலாற்றைக் கெடுத்தவர்கள்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது.

கட்டுரை தேடுவதில் நான் இரண்டு வருஷம் வீணாக்கினேன். 'சுற்றுச்சூழல்' என்று பொதுவாகத் தேடியதுதான் தப்பு. 'ஹார்டு ராக், கிரவுண்ட்வாட்டர், எலக்ட்ரிசிட்டி சப்சிடி' என்று உங்கள் தோட்டத்துப் பிரச்சினையை அப்படியே ஆங்கில எழுத்தில் ஆய்வுக் கட்டுரை தேடும் கூகுள் ஸ்காலரில் போடுங்கள். ஒரு நல்ல கட்டுரை சிக்கினால் போதும். அதன் கடைசிப் பக்கப் பட்டியல் பின்னால் கூட்டிப்போகும், 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பு முன்னால் கூட்டிப்போகும். சாண்டீ என்ற தெற்காசியச் சுற்றுச்சூழல் பொருளாதார வலையமைப்பின் ஆய்வறிக்கைகளுக்கும், இன்சீ என்ற இந்தியச் சூழலியல் பொருளாதார அமைப்பு 2018 முதல் நடத்தும் இதழுக்கும் காசில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் கிடக்கின்றன. தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஆனால் தருமபுரி என்று தட்டினால் வெளிநாட்டு நூல் எதிலும் கிடைக்காத ஊர் விவரங்கள் வரும்.

ஒரு வேலை. அப்பாவிடம் மூன்று போரின் பில்லும் இருக்கிறதா கேளுங்கள். அடி, வருஷம், ரேட்டு, பக்கத்துத் தோட்டங்களில் அதே வருஷம் என்ன ஆழம், இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். புகை வந்த இரண்டையும் சேர்த்துத்தான்.