கோர்ட் திண்ணை: எந்தச் சங்கு?

கேள்வி: லண்டனில் 1888-ல் நடந்த ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளில் ஒன்று ஆனி சாப்மன் கொலை. டாக்டர் ஒரு நேரம் சொல்கிறார், சாட்சிகள் மூன்று பேர் வேறு நேரம் சொல்கிறார்கள். அந்த மூவருக்குள்ளும் நேரம் பொருந்தவில்லை. இவர்களில் பொய் சொன்னது யார்?
– வாசகி, சூலூர்

பதில்: நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் அம்மா, தீர்ப்பு எழுதியவன் அல்ல. கோவையில் இருபத்தேழு ஆண்டு சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்த வாய் இது. பொய் சொன்னது யார் என்றே தொடங்கினால் இந்த வழக்கு கைக்கு அகப்படாது.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டின் பின்கட்டில், வாசற்படிக்கும் வேலிக்கும் நடுவே உடல் கிடந்தது. காலை ஆறு மணிக்குச் சற்று முன் அந்த வீட்டில் குடியிருந்த டேவிஸ் பார்த்தார். டாக்டர் பிலிப்ஸ் ஆறரைக்கு வந்து, இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். அப்படியானால் நாலரைக்கு முன்பே கொலை முடிந்துவிட்டது.

ஆனால் நாலே முக்கால் சுமாருக்கு ரிச்சர்ட்சன் என்ற மார்க்கெட் சுமைத் தொழிலாளி அங்கே வந்திருக்கிறார். அவருடைய அம்மா குடியிருந்த வீடு. நிலவறைப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர். பின்வாசல் படியில் உட்கார்ந்து, பூட்ஸில் உறுத்திய தோலைக் கத்தியால் நறுக்கினேன், உடல் ஏதும் இல்லை என்றார். ஆனால் இன்ஸ்பெக்டர் சாண்ட்லரோ, காலையில் என்னிடம் பேசியபோது பூட்ஸ் நறுக்கிய கதையையே இவர் சொல்லவில்லை என்றார். அந்தக் கத்தியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் அது தோல் நறுக்க உதவாத மொட்டைக் கத்தி. பிறகு, மார்க்கெட்டில் வேறு கத்தி இரவல் வாங்கித்தான் வேலையை முடித்தேன் என்றார். நம் ஊர் வக்கீல் ஒருவர் கையில் சிக்கியிருந்தால் ரிச்சர்ட்சனை உரித்துத் தொங்கவிட்டிருப்பார். விட்டுப்போனது முக்கியமான விஷயமாக இருந்தால் அதுவும் முரண்பாடுதான் என்று நம் சட்டமே சொல்கிறது. இங்கே அது முக்கியம்தான். வெளிப்பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவைப் பிடித்து நின்றபடி எட்டிப் பார்த்திருந்தால், கதவே உடலை மறைத்திருக்கலாம். படியில் உட்கார்ந்திருந்தால் தப்பவே தப்பாது. என்றாலும் நான் அவரை நம்புகிறேன். கொலை நடந்த இடத்தில் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன் என்று கதை கட்டிச் சொல்ல யாருக்கு வரும்?

அடுத்த வீட்டுத் தச்சர் கடோஷ் ஐந்தே காலுக்கு எழுந்து, ஐந்தரைக்குள் பின்கட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். முதலில் ‘வேண்டாம்’ என்று ஒரு குரல்; சில நிமிடம் கழித்து வேலியில் எதுவோ சாய்ந்து விழுந்த சத்தம். எட்டிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிற வழியில் சர்ச் கடிகாரம் 5.32 காட்டியது. மார்க்கெட்டுக்குப் போன லாங் அம்மாளோ, அந்த வீட்டு வாசலில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், தெருவுக்குள் நுழையச் சற்று முன்புதான் பீர் ஆலைக் கடிகாரம் ஐந்தரை அடித்தது என்றார். பிணவறையில் உடலைப் பார்த்து, அந்தப் பெண்தான் என்றார். அப்படியானால் கடோஷ் கேட்ட சத்தத்துக்குப் பிறகும் அந்தப் பெண் உயிரோடு நின்றிருக்கிறாள்!

இங்கே எனக்கு ஒரு பழைய அடிதடி வழக்கு நினைவுக்கு வருகிறது. சிங்காநல்லூர்ப் பக்கம், வரப்புத் தகராறு. முதல் சாட்சி ‘சங்குக்கு முன்புதானுங்க’ என்றார். மூன்றாம் சாட்சி சங்குக்குப் பிறகு என்று சாதித்தார். குறுக்கு விசாரணை ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் நீதிபதி ஒரே கேள்வி கேட்டார்: ‘எந்த மில் சங்கு?’ ஒருவர் தோட்டத்துக்குக் கிழக்கே இருந்த மில்லைச் சொன்னார், மற்றவர் மேற்கே இருந்ததை. இரண்டு சங்குக்கும் நடுவே கால் மணி இடைவெளி.

லாங் அம்மாள் நேரம் சொன்னதும் காதில் விழுந்த மணியை வைத்துத்தான். கால் மணி அடித்ததை அரை மணி என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஐந்தே காலுக்குப் பேச்சு, அதன்பின் கடோஷ் கேட்ட குரல், வேலிச் சத்தம் எல்லாம் வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. இதற்குச் சான்று இல்லை, என் ஊகம் மட்டுமே. அந்த அம்மாள் பார்த்தது வேறு யாரோ ஜோடியாகவும் இருக்கலாம்.

டாக்டரும் ஒரு சாட்சிதான், அதை மறக்கிறோம். குளிர்ந்த காலை, ரத்தம் பெரும்பாலும் வடிந்த உடல். இதனால் சூடு சீக்கிரம் இறங்கியிருக்கலாம் என்று அவரே ஒரு வாசலைத் திறந்து வைத்தார். மரண விசாரணை நடத்திய அதிகாரி (கரோனர்) பாக்ஸ்டர் அந்த வாசல் வழியாகத்தான் மற்றவர்களை உள்ளே விட்டார். யாரென்று தெரியாத ஆள் செய்த கொலை என்று முடிந்தது. கொலையாளி அகப்படவே இல்லை.

கேள்வி: அடுத்த மாதம் ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். சரியாக எத்தனை மணி என்று கேட்டால் என்ன சொல்வது? நான் கடிகாரம் பார்க்கவில்லை.
– வாசகர், அவிநாசி

பதில்: பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போதா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதா என்பதைச் சொன்னால் போதும். வக்கீல் ‘ஆறு பத்தா, ஆறு இருபதா’ என்று விரட்டுவார். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். சம்மனை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். சாட்சிக்கு வந்துபோகிற செலவுக்கான படி உண்டா என்று கேளுங்கள், பலர் கூச்சப்பட்டுக் கேட்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள்.