லூகா டொன்சிச்சை விட்டுக்கொடுத்த நிர்வாகத்தின் மீது டல்லாஸ் ரசிகர்கள் கொண்ட கோபம் நியாயமானதா?

"கூடைப்பந்து அணி நடத்துவது ஒரு வணிகம்; டல்லாஸ் மாவெரிக்ஸ் ரசிகர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் உணர்ச்சிவசப்படுகிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே விளக்கம் தந்திருக்கிறீர்கள். முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதியை முழுமையாக மறுக்கிறேன். அந்த ரசிகர்கள் வணிகக் கணக்கைத்தான் பேசினார்கள். அணியை நடத்தியவர்களைவிடச் சரியாகவே பேசினார்கள்.

நான் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் கிரிக்கெட்டுக்கு இருக்கும் இடம் மாவெரிக்ஸ் அணிக்கும் உண்டு. ஆகவே இது நடுநிலையான பதில் அல்ல. ஆனால் இதில் உள்ள தகவல்களை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தச் செய்தி வந்தது. டல்லாஸின் நட்சத்திர வீரர் லூகா டொன்சிச், அவரோடு மேக்ஸி கிளீபர், மார்கீஃப் மோரிஸ் என மூவரும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போகிறார்கள். பதிலாக ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமை (ஆண்டுதோறும் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஆகியவை டல்லாஸுக்கு. யூட்டா ஜாஸ் அணியும் சிறு பங்காளியாக இதில் இருந்தது. செய்தியை முதலில் வெளியிட்ட பத்திரிகையாளரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். உண்மைதான் என்று அவர் இன்னொரு முறை எழுத வேண்டியிருந்தது.

ரசிகர்களுக்குப் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் மீது பழைய பகை ஏதும் இல்லை. நைக்கி நிறுவனத்திலிருந்து 2021இல் வந்தவர் அவர். 2023 பிப்ரவரியில் கைரி அர்விங்கைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு டிராஃப்டில் டெரிக் லைவ்லி கிடைத்தார். 2024 பிப்ரவரியில் பி.ஜே. வாஷிங்டனும் டேனியல் கேஃபர்டும் வந்தார்கள். அந்த அணி இறுதிப் போட்டி வரை போய் பாஸ்டனிடம் 1-4 என்று தோற்றது. இந்த முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் இதே ரசிகர்கள்தான் அவரைக் கொண்டாடினார்கள். அர்விங்குக்காகக் கொடுத்த விலை அதிகமா என்று மாதக்கணக்கில் வாதாடியவர்களும், இறுதிப் போட்டிக்குப் போனவுடன் அது நல்ல முடிவுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பகையை மனத்தில் வைத்திருக்கும் கூட்டம் அப்படி நடந்துகொள்ளாது.

இனி விலை. என் பதிலின் மையம் இதுதான்.

ஒரு பெரிய வீரரை விற்க வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதை எப்படி விற்பது? ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு அணிகள் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தால்தான் விலை தெரியும். ஒருவர் மட்டும் அறைக்குள் இருந்தால் அடிப்படை விலைக்கே வீரர் போய்விடுவார். ஹாரிசன் அந்த அறைக்குள் ஒருவரை மட்டும்தான் அழைத்தார். டல்லாஸில் ஒரு காபிக் கடைச் சந்திப்பில் லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்காவிடம் பேச்சைத் தொடங்கி, வேறு அணிகளை அணுகாமல் சில வாரங்களில் முடித்துவிட்டார். செய்தி கசிந்தால் எதிர்ப்புக் கிளம்பும், பேரம் கெட்டுவிடும் என்பது அவர் தரப்புக் காரணம். எதிர்ப்புக் கிளம்பும் என்று தெரிந்தே செய்த காரியம் என்றுதானே இதற்குப் பொருள்?

ரகசியத்துக்காக அவர் கொடுத்த விலையை ரசிகர்கள் அடுத்த நாளே எண்ணிக் காட்டினார்கள். 2022இல் ரூடி கோபேரைப் பெறுவதற்கு மினசோட்டா, யூட்டாவுக்குப் பல வீரர்களோடு நான்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் தந்தது. 2024இல், லீக்கின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகாத மிக்கால் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், என்.பி.ஏ. லீக்கின் அந்தந்த ஆண்டின் சிறந்த ஐவரைக் கொண்ட ஆல்-என்.பி.ஏ. முதல் அணியில் இடம்பெற்ற, முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 33.9 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்த லூகாவுக்கு டேவிஸோடு சேர்ந்து வந்தது ஒன்றே ஒன்று.

இதைவிட வலித்தது அடுத்த சில நாட்களில் நடந்தது. லேக்கர்ஸ் தங்கள் 2031ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் இளம் வீரர் டால்டன் கெனெக்ட்டையும் சார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸுக்காகத் தர ஒப்புக்கொண்டார்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அந்தப் பரிமாற்றம் ரத்தானது வேறு விஷயம். லூகாவுக்காக டல்லாஸால் வாங்க முடியாத தேர்வுரிமையை டேவிஸின் இடத்தை நிரப்பத் தேடிய ஒரு மையவீரருக்காக (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) அதே வாரத்தில் கொடுக்க லேக்கர்ஸ் தயாராக இருந்தது என்பதுதான் இங்கே செய்தி. லேக்கர்ஸின் இன்னொரு நல்ல வீரரான ஆஸ்டின் ரீவ்ஸையும் டல்லாஸ் பெறவில்லை. இதைச் சுட்டிக்காட்டுவதை உணர்ச்சிவசப்படுதல் என்று எப்படிச் சொல்வது?

வயதுக் கணக்குக்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அன்று லூகாவுக்கு 25 வயது. டேவிஸுக்கு 31, மார்ச்சில் 32. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் பட்டம் வெல்லும் அணியைக் கட்டுகிறோம் என்பது ஹாரிசனின் வாதம். அந்தச் சிறிய காலக்கெடு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிப்ரவரி 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே, அருமையாக ஆடிக்கொண்டிருந்த டேவிஸ் காயம் பட்டு வெளியேறினார். மார்ச் 3 அன்று அர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அர்விங்குக்கு நேர்ந்ததை யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. அதற்காக நிர்வாகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் டேவிஸின் காய வரலாறு ஊரறிந்தது. முப்பதைத் தாண்டிய இருவரின் உடல்நலத்தை மட்டுமே நம்பி ஒரு திட்டம் போட்டால், அந்த ஆபத்துக்கு ஈடாகக் கூடுதல் விலை கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் ஹாரிசன் பக்கம் நின்றார். "தற்காப்புதான் பட்டம் வெல்லும் என்று அவர் சொன்னது சரிதானே? லூகா தற்காப்பில் பலவீனம் என்று பாஸ்டன் தொடரில் நீயே சொன்னாயே" என்று கேட்டார். "சொன்னேன் அண்ணா. ஆனால் அந்தத் தொடருக்கு நம்மைக் கொண்டுபோனது யார்?" என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். டேவிஸ் தற்காப்பில் சிறந்த வீரர், அதில் ஐயமில்லை. ஆனால் 2024இல் இறுதிப் போட்டிக்குப் போன அணியில் லூகாவைச் சுற்றி லைவ்லி, கேஃபர்ட், வாஷிங்டன், டெரிக் ஜோன்ஸ் என்று தற்காப்பாளர்களை ஹாரிசனே நிறுத்தியிருந்தார். தாக்குதலை ஒருவர் சுமக்க, மற்றவர்கள் தடுப்பார்கள் என்ற அமைப்பு அது. டேவிஸ் மையவீரராக ஆடுவதைவிடப் பவர் ஃபார்வர்டாக ஆடுவதையே விரும்புபவர். டல்லாஸில் ஏற்கெனவே இரண்டு நல்ல மையவீரர்கள் இருந்தார்கள். ஆக, உயரமானவர்கள் நிறைந்த அணியில் பந்தைக் கொண்டுபோய் வாய்ப்பு உருவாக்க அர்விங் ஒருவரே மிஞ்சினார். அவரும் விழுந்தபின் யாருமில்லை. 2025 அக்டோபரில் அடுத்த பருவம் தொடங்கியபோது, பதினெட்டு வயதுப் புதுமுக ஃபார்வர்ட் கூப்பர் ஃபிளாக்கை, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக நிறுத்த வேண்டிய நிலைக்குப் பயிற்சியாளர் ஜேசன் கிட் வந்தார். பரிமாற்றம் நடந்த வாரமே ரசிகர்கள் கேட்ட கேள்வி, "பந்தை யார் கொண்டுபோவது?" என்பதுதான்.

லூகாவின் உடற்தகுதி பற்றிய குறையை மட்டும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அவர் எடை, உணவு, பழக்கங்கள் பற்றி நிர்வாகத்துக்கு நெடுநாள் கவலை இருந்தது. 2024 மேற்குப் பிரிவு இறுதியில் வென்ற இரவு, அவர் கையில் இருந்த பீரை நிர்வாகத்தில் இருந்த மைக்கேல் ஃபின்லி வாங்கிக்கொண்ட காட்சி எல்லோரும் பார்த்ததுதான். 2025 கோடையில் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பெறும் தகுதி அவருக்கு வந்திருக்கும். அவ்வளவு பணத்தை அந்த உடல்மீது வைக்கலாமா என்று நிர்வாகம் யோசித்தது தவறே இல்லை. அந்த யோசனை ஒரு முடிவுக்கு வந்தபின், எல்லா அணிகளையும் போட்டியிட வைத்து மிகச் சிறந்த விலையை வாங்கியிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் நிர்வாகம் தன் வேலையைச் செய்தது என்று ஒப்புக்கொண்டிருப்பேன். விற்கலாமா என்பதும் எப்படி விற்பது என்பதும் வேறு வேறு கேள்விகள். ஹாரிசனை ஆதரித்தவர்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊர் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். பட்ட அடிகள் கற்றுத்தந்தவை. 2004இல் ஸ்டீவ் நாஷைப் போகவிட்டார்கள். அவர் ஃபீனிக்ஸ் போய் 2005, 2006 இரண்டு ஆண்டுகளும் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். 2011இல் மயாமியை வென்று பட்டம் வாங்கிய அணியின் தற்காப்புத் தூண் டைசன் சாண்ட்லரை அந்த ஆண்டே இழந்தார்கள். ஜேலன் பிரன்சனை நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 5.5 கோடி டாலருக்கு வைத்துக்கொள்ள வாய்ப்பு இருந்தும் தள்ளிப்போட்டார்கள். 2022இல் நியூயார்க் அவருக்கு 10.4 கோடி கொடுத்து அழைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் "நிர்வாகத்துக்குத் தெரியும்" என்ற சமாதானம்தான் சொல்லப்பட்டது.

எதிர்ப்பக்கம் டர்க் நோவிட்ஸ்கி இருக்கிறார். 21 பருவங்கள் ஒரே அணி. அரங்கத்துக்கு வெளியே அவர் சிலையின் அடியில் விசுவாசம் பற்றிய வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. லூகாவும் அப்படித்தான் என்று இந்த நகரம் நம்பியது. பரிமாற்றத்துக்குப் பின் அந்த அரங்க வாசலில்தான் ரசிகர்கள் மாதிரிச் சவப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே "நிகோவை நீக்கு" என்ற முழக்கம் ஆட்டத்துக்கு ஆட்டம் எழுந்தது. ஏப்ரல் 9 அன்று லூகா லேக்கர்ஸ் உடையில் திரும்பி வந்து, தனக்காகப் போடப்பட்ட காணொளியைப் பார்த்து அழுதார். பிறகு 45 புள்ளிகள் எடுத்தார். தங்கள் அணி தோற்றுக்கொண்டிருக்க, டல்லாஸ் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அங்கே உணர்ச்சி இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அந்த உணர்ச்சிக்கு அடியில் நான் மேலே சொன்ன கணக்கு முழுவதும் இருந்தது. அன்பு வைத்தவர்களுக்குத்தான் இத்தனை விவரங்களை நினைவில் வைத்திருக்கப் பொறுமை இருக்கும்.

"அப்படியானால் கூப்பர் ஃபிளாக் கிடைத்தாரே, எல்லாம் நன்மைக்குத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மே மாதம் நடந்த டிராஃப்ட் குலுக்கலில் டல்லாஸுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் இடம் கிடைக்க இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம். அது கிடைத்தது, டியூக் பல்கலைக்கழகத்தின் அந்த இளைஞன் வந்தான், எங்கள் வீட்டிலும் அன்று கொண்டாட்டம்தான். ஆனால் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லாத அதிர்ஷ்டத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. முடிவெடுத்த நாளில் கையில் இருந்த தகவல்களை வைத்துத்தான் ஒரு முடிவை எடைபோட வேண்டும். 2023 இறுதியில் மார்க் கியூபனிடமிருந்து பெரும்பான்மைப் பங்கை வாங்கிய அடல்சன், டூமான்ட் குடும்பத்தாரும் கடைசியில் ரசிகர்களின் முடிவுக்கே வந்துசேர்ந்தார்கள். அணி 3 வெற்றி, 8 தோல்வி என்று தடுமாறிய நிலையில் 2025 நவம்பர் 11 அன்று ஹாரிசன் நீக்கப்பட்டார்.

அந்த நீக்கத்தோடு ரசிகர்கள் ஓய்ந்துவிட வேண்டும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஓயக் கூடாது என்பேன். பழைய பரிமாற்றங்களால் டல்லாஸின் 2027ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமை முதல் இரண்டு இடங்களுக்குள் விழாவிட்டால் சார்லட்டுக்குப் போகும். 2028இல் ஓக்லஹோமா சிட்டிக்கும் 2030இல் சான் அன்டோனியோவுக்கும் தங்கள் தேர்வு இடத்தை டல்லாஸின் இடத்தோடு மாற்றிக்கொள்ளும் உரிமை தரப்பட்டுள்ளது. 2029 அர்விங்குக்காகவே போய்விட்டது. அதாவது, ஃபிளாக் தன் முதல் ஒப்பந்தத்தின் குறைந்த சம்பளத்தில் ஆடும் ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இளம் வீரர்களை டிராஃப்டில் எடுக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது. ஹாரிசன் நீக்கப்பட்டபோது, லூகாவுக்கு ஈடாக வந்த லேக்கர்ஸின் 2029 தேர்வுரிமை ஒன்றுதான் அந்தப் பட்டியலில் டல்லாஸ் பக்கம் நின்றது. இனி வரும் எந்தப் பொது மேலாளரும் வீரர் ஒருவரை அனுப்பும்போது எத்தனை அணிகளிடம் விலை கேட்டார் என்பதை நாங்கள் கேட்போம். 2029க்கான அந்தத் தேர்வுரிமையை அவர் எதற்காகச் செலவழிக்கிறார் என்பதையும் கேட்போம்.