பழைய கூபேவும் ரேலியும்: எஞ்சின் திறனைக் கூட்டுவது பற்றிய கேள்வி பதில்கள்

கூபே போன்ற பழைய இரண்டு கதவு கார்களை ரேலிக்குத் தயார் செய்வது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான கடிதங்கள் குதிரைத்திறனைப் பற்றிக் கேட்கின்றன. அதைச் சொல்கிறேன். ஆனால் ரேலியில் நேரத்தைக் குறைப்பது உச்சத் திறன் அன்று, வளைவிலிருந்து வெளியே வரும்போது நிமிடத்துக்கு 2500 முதல் 5000 சுற்றுக்குள் எஞ்சின் தருகிற இழுவைதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நோக்கில் எழுதியவை.

என்னிடம் 1960-களில் வந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. 948 சி.சி. எஞ்சின். இதிலிருந்து எவ்வளவு திறன் எடுக்கலாம்? எதில் தொடங்குவது? – அம்பத்தூர் வாசகர்

நல்ல காரை வைத்திருக்கிறீர்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடல், தனிச் சட்டகம், முன்பகுதி முழுவதும் தூக்கித் திறக்கிற பானெட். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலையை முடித்துவிடலாம். நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான கார் என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

பிரிட்டனில் 1959-இல் இதே எஞ்சின் சாதாரண ஹெரால்டில் ஒற்றைக் கார்புரேட்டரோடு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) ஏறத்தாழ 35 குதிரைத்திறன் தந்தது. கூபே வடிவத்துக்கு எஸ்.யு. நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டரும் சற்றே கூடுதல் கம்ப்ரஷனும் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) கொடுத்தார்கள். திறன் 40-ஐத் தாண்டியது. உங்களுக்கும் அதுவே வழி. இரட்டை எஸ்.யு., 9-க்கு 1 என்ற கம்ப்ரஷன், நல்ல எக்சாஸ்ட் மேனிஃபோல்டு (புகைக்குழாய்த் தொகுதி), சுத்தம் செய்த ஹெட் போர்ட்டுகள் (எஞ்சினின் மேல்மூடியில் கலவையும் புகையும் போகும் வழிகள்) என்று முறையாகச் செய்தால் 50-ஐ நெருங்கலாம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மூன்றே மெயின் பேரிங்குகளில் சுழல்கிறது. 6000-க்கு மேல் சுற்ற வைத்துத் திறன் தேடினால் அது நீண்ட நாள் தாங்காது.

ஆனால் ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. 60 வயதான எஞ்சின் பிறந்தபோது இருந்த 35-ஐயே இன்று தருவதில்லை. ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து சீராக்குவது), வால்வு கிரைண்டிங், சரியான டைமிங் ஆகிய மூன்றிலேயே இழந்த திறன் திரும்ப வந்துவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைத்திருப்பவை இரண்டு அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்பக்கக் கிராங்க் புல்லியில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். நகர்வு 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வாஷர் தேய்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று ஆயில் சம்ப்பில் விழும், கிராங்க் நேராக பிளாக்கை அரைக்கும். அதற்குப் பிறகு அந்த பிளாக்கை வைத்து எந்தத் திறனையும் கூட்ட முடியாது.

ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி (ஃபேசிங்) கம்ப்ரஷனை ஏற்றலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். "ஒரு மில்லி எடுத்துவிடுவோம்" என்கிறார். சரியா? – கொரட்டூர் வாசகர்

ஏற்றலாம். ஆனால் "ஒரு மில்லி" என்பது கணக்கு அன்று, உத்தேசம். கணக்கு இப்படி. மேலே சொன்ன ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 237 சி.சி. கம்ப்ரஷன் 8-க்கு 1 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சியிருக்கும் இடம் 237-ஐ 7-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 33.9 சி.சி. அதை 9-க்கு 1 ஆக்க வேண்டுமானால் 237-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும், 29.6 சி.சி. ஆகவே ஒவ்வொரு அறையிலும் 4.3 சி.சி. குறைக்க வேண்டும்.

எத்தனை மி.மீ. சீவினால் 4.3 சி.சி. குறையும் என்பதை ஹெட்டே சொல்லும். வால்வுகளையும் பிளக்கையும் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து, நீர்மட்டம் வைத்துச் சமமாக நிறுத்துங்கள். நடுவில் துளையிட்ட ஒரு தடித்த அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி அறையின் மேல் ஒட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பியூரெட்டில் மண்ணெண்ணெயை நிரப்பி, குமிழி இல்லாமல் அறை நிறையும் வரை விடுங்கள். எத்தனை சி.சி. பிடித்தது என்று நான்கு அறைக்கும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாக இருக்காது. சிறிய அறைகளை அரைத்துப் பெரிய அறைக்குச் சமமாக்குவது முதல் வேலை. பிறகு தகட்டை எடுத்துவிட்டு, ஓர் அறையில் அதன் அளவில் 4.3 சி.சி. குறைவாக ஊற்றுங்கள். எண்ணெயின் மட்டத்திலிருந்து ஹெட்டின் முகம் வரை ஆழ அளவி வைத்துப் பாருங்கள். அந்த ஆழம்தான் நீங்கள் சீவ வேண்டிய அளவு. அதை எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள்.

சீவிய பிறகு வால்வுகளை அமுக்கும் ராக்கர்களின் ஷாஃப்ட் தாங்கிகளின் அடியில் அதே அளவு தகடு வைக்க வேண்டும், அல்லது ராக்கரைத் தள்ளும் புஷ் ராடைக் குறைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ராக்கர் கோணம் மாறி, வால்வு கைடு ஒருபக்கமாகத் தேய்கிறது. அரும்பாடுபட்டு ஏற்றிய திறன் சீக்கிரமே புகையாகப் போய்விடுகிறது.

ஸ்போர்ட்ஸ் ஏர் ஃபில்டர் மாட்டினால் எவ்வளவு கூடும்? – தாம்பரம் வாசகர்

ஃபில்டரால் கூடுவது மிகக் குறைவு. அது எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்பதே முக்கியம். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் பானெட்டுக்குள் 65 டிகிரி சுலபமாக வந்துவிடும். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி வெளிக்காற்றைவிட 9 சதவீதம் குறைவு. கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் போட்டுக் குளிர்ந்த காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் ஓட்டும்போது வித்தியாசம் கால் மிதியிலேயே தெரியும். ரேலி மண் சாலையாக இருந்தால் ஃபில்டர் இல்லாத திறந்த வாய்க் கார்புரேட்டரை நினைக்கவே வேண்டாம்.

இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஒத்துவருமா? அதிலேயே கம்ப்ரஷனை ஏற்றலாமா? – நங்கநல்லூர் வாசகி

இரண்டு பக்கம் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 அளவில் இருக்கிறது, முன்பு இருந்த 91-ஐவிட உயர்வு. ஆகவே 9-க்கு 1 கம்ப்ரஷனுக்கு நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) பயம் குறைவு. இரும்பு ஹெட் உள்ள எஞ்சினை நம் வெயிலில் 9.5-க்கு மேல் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன்.

மறுபக்கம், எத்தனாலுக்குக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை மெலிந்துபோகும். முழு மிதியில் மெலிந்த கலவை பிஸ்டனைச் சுட்டுவிடும். எரிபொருளை 8 சதவீதம் கூட்ட ஜெட்டின் விட்டத்தை 4 சதவீதம் கூட்டினால் போதும். 1.20 மி.மீ. மெயின் ஜெட் இருந்த இடத்தில் 1.25 போடுங்கள். பிறகு பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் மெலிவு, கரிபடிந்திருந்தால் அதிகம், காபிப் பொடி நிறம் சரி.

பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்க் காஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற வகைக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டாங்கைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாட்டிலிருந்தே போய்விட்டது. அதை நம்பி வடித்த ஹெட்டில் எக்சாஸ்ட் வால்வு சீட் தேயும். ஹெட் இறங்கியிருக்கும்போதே கடினமான சீட் இறக்கிவிடுவது நல்லது.

பழைய டாட்சன் 1200 கூபே வைத்திருக்கிறேன். வெபர் 40 இரட்டைக் கார்புரேட்டரும் ரேஸ் கேமும் போட்டேன். நேர்ச்சாலையில் பறக்கிறது, வளைவிலிருந்து எழும்ப மாட்டேன் என்கிறது. – கீழ்ப்பாக்கம் வாசகர்

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் உங்கள் காருக்குப் பொருந்தவில்லை. 300 டிகிரிக்கு மேல் வால்வைத் திறந்து வைக்கிற கேம் இருங்காட்டுக்கோட்டை போன்ற ரேஸ் தளத்துக்கு ஏற்றது. அங்கே எஞ்சின் எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே இருக்கும். குறைந்த சுற்றில் அந்தக் கேம் இரண்டு வால்வையும் நெடுநேரம் ஒன்றாகத் திறந்து வைப்பதால் உள்ளே வந்த கலவை வெளியே ஓடிவிடுகிறது. ரேலிக்கு 270 டிகிரிப் பக்கம் இருக்கும் கேம் போதும். உச்சத்தில் சில குதிரைத்திறன் போகும், போகட்டும்.

வெபரை விற்க வேண்டாம். உள்ளே காற்று போகும் குறுகலான வளையமான சோக்கைச் சிறிதாக்குங்கள். 1171 சி.சி. எஞ்சினுக்கு 28 மி.மீ. நல்ல தொடக்கம். காற்று வேகமாக ஓடினால்தான் பெட்ரோல் நன்றாகப் பிரிந்து கலக்கும். உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிரீமியர் 118 என்.இ.யில் வந்ததும் நிசான் ஏ12 எஞ்சின்தான், அதே 1171 சி.சி. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அதன் உதிரிகளைத் தேடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்குங்கள்.

எஞ்சினைத் தொடாமல் பிக்கப்பைக் கூட்ட வழி உண்டா? – பெரம்பூர் வாசகர்

உண்டு, பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியலின் பல்சக்கர விகிதம். 4.11 விகிதத்தை 4.875 ஆக்கினால் எல்லா கியரிலும் சக்கரத்தில் இழுவை ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது. உச்ச வேகம் ஏறத்தாழ 16 சதவீதம் குறையும். வளைவும் மேடுமாக இருக்கும் பாதையில் அந்த உச்ச வேகம் தேவைப்படப் போவதில்லை.

ஏற்காட்டில் ஓட்டும்போது எஞ்சின் திணறுகிறது, புகை கறுப்பாக வருகிறது. – வேளச்சேரி வாசகர்

1500 மீட்டர் உயரத்தில் காற்று 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டர் அதை அறியாது, சென்னையில் கொடுத்த பெட்ரோலையே கொடுக்கும். மலை ஓட்டத்துக்கென்று ஓர் அளவு சிறிய ஜெட் தொகுதியைப் பெட்டியில் வைத்திருங்கள். இறங்கியதும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

எஞ்சினின் அடியைக் காக்கும் சம்ப் கார்டு போட்ட பிறகு எஞ்சின் கொதிக்கிறது. – பூந்தமல்லி வாசகர்

சம்ப் கார்டு கீழிருந்து வெப்பக்காற்று வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. அதைக் கழற்றாதீர்கள், பின்பாதியில் துளைகள் போடுங்கள். ரேடியேட்டரைச் சுற்றி இருக்கும் இடைவெளிகளைத் தகடு வைத்து அடைத்தால் வருகிற காற்று முழுதும் ரேடியேட்டருக்குள் போகும். அதன் பிறகும் கொதித்தால் ரேடியேட்டரை நான்கு வரிசைக் கோராக மாற்றிக் கட்டுங்கள். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது தீர்வு ஆகாது.

என் ஹெரால்டில் மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டால் எல்லாக் கவலையும் தீரும் அல்லவா? – மடிப்பாக்கம் வாசகர்

இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்பேன்.

முதலாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்ற முடியாது. அதோடு 2021 விதிகளின்படி 50 ஆண்டைத் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்து, எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகளோடு தகடு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவு செய்த காரை விண்டேஜ் ரேலிக்கு எடுத்துச் செல்லலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்தத் தகுதி இல்லை. இன்று எஞ்சினை மாற்றிவிட்டால் அந்தக் கதவு உங்களுக்கு அடைபட்டுவிடும்.

இரண்டாவது காரணம் பின்சக்கரங்கள். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடுகிற அமைப்பு. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், கார் சுழலும். அந்த ஆக்சிலை நம் ஊரில் பலர் விரும்பாததால்தான் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காருக்கு நேர் ஆக்சில் கொடுத்தார்கள். 35 குதிரைத்திறனிலேயே கவனம் கேட்கும் அந்தப் பின்பக்கத்தின் மேல் இரண்டு மடங்கு திறனை ஏற்றுவது உங்களுக்கும் பக்கத்தில் அமர்ந்து பாதை சொல்பவருக்கும் ஆபத்து. பின் ஸ்பிரிங்கைச் சற்றுத் தாழ்த்தி, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படி வையுங்கள். நல்ல ஷாக் அப்சார்பரும் ரேடியல் டயரும் போடுங்கள். டிரம் பிரேக்கின் லைனிங்கைப் புதிதாக ஒட்டுங்கள். ரோல் கேஜும் போட்டியமைப்பு ஏற்கிற பெல்ட்டும் மாட்டிய பிறகு, முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்குப் போய்க் கம்ப்ரஷன் கேஜைக் கையில் எடுங்கள்.